பந்தயக் காரும் பகட்டுக் காரும்

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடிக்குச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் நீங்கள் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். இந்தச் சாலை ஓரத்தில் ஒரு காரை முழுமையாகச் செய்து வெளியே அனுப்பும் ஆலை எதையும் காணமாட்டீர்கள். ஆனால் ஒரு கார் ஓடுவதற்கும், முக்கியமாக நிற்பதற்கும் வேண்டிய உறுப்புகள் பல இங்கேதான் பிறந்தன. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் தோன்றிய ஆலைகள் பிரேக்குகளையும், எஃகுச் சக்கரங்களையும், எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் செய்யத் தொடங்கின. அதற்குச் சற்று முன்பே அம்பத்தூரில் டயர் ஆலை ஒன்று எழுந்தது. 1965-ல் ஆவடியிலிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் இன்றும் இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த உறுப்புகளில் ஒன்றுகூடக் காரின் வெளித்தோற்றத்தில் பளிச்சென்று தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் நடத்தப்போகும் பட்டிமன்றத்திற்கு இது தேவைப்படும்.

ஆம், பட்டிமன்றம்தான். பழைய கார்களை வாங்கிப் பந்தயக் கார்போல் மாற்றி அமைப்பது பலருக்கு ஒரு விருப்பக் கலை. அப்படி மாற்றும்போது முதலிடம் தரவேண்டியது தோற்றத்திற்கா, உள்ளே இருக்கும் திறனுக்கா? ஒரு கட்சி, "கார் என்றால் பார்த்தவர் திரும்பிப் பார்க்க வேண்டும், அழகில்லாத வேகம் எதற்கு?" என்கிறது. மறு கட்சி, "ஓடாத குதிரைக்குப் பட்டுச் சேணம் எதற்கு?" என்று கேட்கிறது. நடுவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சாட்சி சொல்ல இயற்பியலை அழைப்போம்.

வழக்குக்கு ஒரு கார்

வாதம் காற்றில் நடக்கக் கூடாது. எனவே சென்னைக்கு நன்கு பழக்கமான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வண்டலூருக்கு அருகில் பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற சிறு காரைச் செய்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் நினைவுகூர்வார். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். திறன் சுமார் 35 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 800 கிலோ.

பெரும்பாலான இன்றைய கார்களில் உடலே எலும்புக்கூடாகவும் இருக்கிறது. ஹெரால்டு அப்படி அன்று. அதற்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் பாகங்கள் அதன்மீது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை. முன்பக்க மூடியும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஆகவே உடலைக் கழற்றி மாற்றுவது எளிது. இங்கிலாந்தில் இதே சட்டத்தின் நீளத்தைக் குறைத்து, அதன்மீது தாழ்வான திறந்த உடலைப் பொருத்தி, 1962-ல் 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியரே. எளிய குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே எலும்புக்கூடு! ஹெரால்டைக் கண்டதும் பட்டறைக்காரர்களின் கை துறுதுறுப்பதில் வியப்பில்லை.

இப்பொழுது கற்பனை செய்யுங்கள். அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு ஹெரால்டுகள். இரண்டு உரிமையாளர்களிடமும் ஒரே அளவு பணம்தான் இருக்கிறது. முதல்வர் சிவப்பு வண்ணமும், பின்னால் பெரிய இறக்கையும், அகன்ற சக்கரங்களும், உறுமும் சைலன்சரும் வாங்குகிறார். இரண்டாமவர் பிரேக்குகளைப் புதுப்பித்து, அச்சுகளைச் சரிசெய்து, வேண்டாத எடையைக் கழற்றுகிறார். அவருடைய கார் முன்பு இருந்ததைப் போலவே சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

இறக்கையின் சாட்சியம்

பந்தயக் காரின் பின்புறத்தில் உள்ள இறக்கை, விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. விமானத்தைக் காற்று மேலே தூக்குகிறது. இங்கே அது காரைத் தரையை நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் டயரின் பிடிப்பும் கூடும். கோட்பாடு சரியானதே. ஆனால் எவ்வளவு அழுத்தும் என்பதே கேள்வி.

120 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள ஓர் இறக்கையை எடுத்துக்கொள்வோம். அது நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 22 நியூட்டன். அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் புத்தகப் பை இதைவிடக் கனமாக இருக்கும்! காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அதே இறக்கை ஒன்பது மடங்கு, ஏறத்தாழ 20 கிலோ அழுத்தம் தரும். 200 கி.மீ. வேகத்தில் 55 கிலோவைத் தாண்டும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இறக்கை பொய்யன்று, ஆனால் அது இருக்கவேண்டிய இடம் பந்தயத் தடம். பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அங்கே விரைந்து வளையும் காருக்கு இறக்கை ஓர் உறுப்பு. அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காருக்கு அது ஓர் அணிகலன்.

காற்றைப் பற்றி இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹெரால்டு போன்ற ஒரு காரைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை 40 கி.மீ. வேகத்தில் சுமார் 65 நியூட்டன். அதை வெல்ல ஏறத்தாழ 1 குதிரைத்திறன் போதும். 120 கி.மீ. வேகத்தில் விசை ஒன்பது மடங்காகிறது. அதே நேரத்தில் கார் செல்லும் தூரமும் மும்மடங்காகிறது. ஆக வேண்டிய திறன் இருபத்தேழு மடங்கு, அதாவது சுமார் 27 குதிரைத்திறன்! உருளும் டயர்களின் தடையும் சேர்ந்தால் 35 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அத்துடன் களைத்துவிடும்.

டயரும் அஞ்சலட்டையும்

அடுத்து அகன்ற டயர்கள். ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்று ஊகித்திருக்கிறீர்களா? ஆட்களுடன் சேர்த்துக் காரின் எடை 900 கிலோ என்றால், ஒவ்வொரு சக்கரமும் 225 கிலோ தாங்குகிறது. டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.75 கிலோ எனக் கொண்டால், தொடும் பரப்பு சுமார் 128 சதுர சென்டிமீட்டர். 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள நம் அஞ்சலட்டையின் பரப்பு 126. ஒரு கார் வேகம் எடுப்பதும், வளைவதும், நிற்பதும் நான்கு அஞ்சலட்டைகளின் பிடிப்பை நம்பித்தான்!

டயரை அகலமாக்கினாலும் காற்றழுத்தம் மாறாவிட்டால் பரப்பு அதிகம் மாறுவதில்லை. நீண்ட அஞ்சலட்டை அகன்ற அஞ்சலட்டை ஆகிறது, அவ்வளவே. ஆவடியில் உருவாகும் 'அர்ஜுன்' டாங்கியின் எடை 58 டன்னுக்கு மேல். ஆனால் அதன் பட்டைச் சங்கிலிகள் எடையைப் பெரும் பரப்பில் பரப்புவதால், தரையில் ஏற்படும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கும் குறைவு. நம் காரின் டயர் தருவதைவிட அது குறைவு என்பது விந்தையாக இல்லையா?

அப்படியானால் அகன்ற டயரால் பயனே இல்லையா? உண்டு. ரப்பர் தூய திண்மம்போல் நடந்துகொள்வதில்லை. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பற்றிக்கொள்கிறது. மென்மையான ரப்பரை அகலமாகப் பரப்பினால் வளைவில் பிடிப்பு கூடும். சீக்கிரம் சூடேறிக் கெடாது. இது பந்தயக்காரரின் நியாயமான காரணம். ஆனால் ஐப்பசி மழையில் சாலையில் நிற்கும் தண்ணீரை விலக்கித் தரையைத் தொடுவது அகன்ற டயருக்குக் கடினம். விலக்க முடியாவிட்டால் கார் தண்ணீரின்மீது வழுக்கி மிதக்கும்.

வேறொரு குறும்பும் உண்டு. அழகுக்காக 58 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை மாற்றி 64 செ.மீ. சக்கரத்தைப் போட்டார்கள் என்போம். ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் 10 விழுக்காடு கூடிவிடும். வேகமானிக்கோ இது தெரியாது. அது 50 காட்டும்போது கார் உண்மையில் 55-ல் ஓடும்.

தாழ்த்தினால் நல்லதா?

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையமும் தாழும். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. பஸ் திரும்பும்போது நீங்கள் ஒருபுறமாகச் சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்திலிருந்து 50 செ.மீ. உயரத்திற்கு இறங்கினால் இந்த மாற்றம் சுமார் 9 விழுக்காடு குறையும். நான்கு டயர்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். இதுவரை அழகுக் கட்சிக்குப் புள்ளி உண்டு.

ஆனால் எப்படித் தாழ்த்துகிறார்கள் என்று பாருங்கள். செலவில்லாத வழி, ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றுகளை அறுத்து எறிவது. எட்டுச் சுற்றுகள் உள்ள ஸ்பிரிங்கில் இரண்டை அறுத்தால் மிஞ்சிய ஆறு சுற்றுகள் மூன்றில் ஒரு பங்கு அதிக விறைப்பாகிவிடும். அமுங்குவதற்கு உள்ள இடமும் குறைந்துவிடும். ஒரு வேகத்தடையில் அல்லது பள்ளத்தில் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, இரும்பு இரும்பை இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாத மாட்டுவண்டியின் நிலைதான்! டயர் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? சரியான நீளமும் விறைப்பும் உள்ள புதிய ஸ்பிரிங்கும், அதற்கு ஏற்ற அதிர்வு தாங்கியும் போட்டுத் தாழ்த்துவது வேறு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கார்களும் ஒன்றுபோலவே தாழ்ந்திருக்கும்.

கண்ணில் படாத பெரிய மாற்றம்

ஹெரால்டின் வரலாற்றிலேயே நமக்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. அதன் பின் அச்சு நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் கதவு கீலில் ஆடுவதுபோல் மேலும் கீழும் ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. சாதாரணமாகப் போகும்போது தொல்லை இல்லை. ஆனால் வளைவில் விரைந்து திரும்பும்போது ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதித்தால் காரின் பின்புறம் மேலெழும்பும். உடனே இரு சக்கரங்களின் அடிப்பக்கமும் உள்நோக்கி மடங்கும். அஞ்சலட்டை ஒரு மெல்லிய நாடாவாகச் சுருங்கும். பின்புறம் சட்டென்று வெளியே வீசப்படும்.

1972-ல் ஸ்டாண்டர்டு நிறுவனம் வெளியிட்ட 'கெசல்' கார், ஹெரால்டின் வழி வந்ததே. அதே 948 க.செ.மீ. எஞ்சின்தான். ஆனால் அதில் ஊசல் அச்சு இல்லை. இரு சக்கரங்களையும் ஒரே உறுதியான தண்டில் கோத்த பின் அச்சைப் போட்டார்கள். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் வேறொரு வழியில், பின்புற வில் தகட்டின் அமைப்பை மாற்றி, இந்தக் குறையைத் தணித்தார்கள். சாலையில் நின்று பார்ப்பவர் எவருக்கும் இந்த மாற்றங்கள் தெரியாது. காருக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். ஆனால் வளைவில் எத்தனையோ ஓட்டுநர்களுக்குத் துணை நின்றது இதுதான்.

நம் முதல் உரிமையாளர் பந்தயத் தோற்றத்திற்காக ஊசல் அச்சுள்ள ஹெரால்டின் பின்புறத்தை மட்டும் தூக்கி நிறுத்தினால் என்ன ஆகும்? சக்கரங்கள் முன்பே உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருக்கும். அழகுக்காகச் செய்த மாற்றம் பழைய ஆபத்தை வலிந்து அழைத்ததாகும்.

எடையைக் கழற்றுவது

"அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பீர்கள். பலர் எஞ்சின் என்பார்கள். எஞ்சினும் உண்டுதான். ஆனால் நியூட்டனின் இரண்டாம் விதியை நினையுங்கள். முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம். அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம். 900 கிலோவில் 90 கிலோவைக் கழற்றினால், முடுக்கத்தைப் பொறுத்தவரை, 35 குதிரைத்திறனை 39 ஆக்கியதற்குச் சமம். அதோடு நில்லாமல் வளைவதும் எளிதாகும், நிற்பதும் எளிதாகும். எஞ்சினைப் பெரிதாக்கினால் ஒரு நன்மை. எடையைக் குறைத்தால் மூன்று நன்மை.

இதற்கு நம் நாட்டுச் சாட்சி ஒன்று உண்டு. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன், சென்னைப் பந்தயங்கள் செங்குன்றத்திற்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. 1953-ல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. மாற்றி அமைத்த ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் அங்கே ஓடின. 1980-களில் பெங்களூரின் சிப்பானி நிறுவனம் 'டால்ஃபின்' என்ற காரைச் செய்தது. பார்வைக்கு ஒரு சிறு பெட்டிபோல இருக்கும். அழகுப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்திருக்காது. ஆனால் உடல் கண்ணாடி இழையால் ஆனது, 848 க.செ.மீ. எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. எடை அம்பாசிடரின் எடையில் ஏறத்தாழ பாதிதான். அந்தப் பெட்டி சோழவரத்தில் நல்ல பெயர் வாங்கியது.

கோவையைச் சேர்ந்த கரிவர்தன் இதே வழியில் இன்னும் தொலைவு சென்றார். மாருதி 800 காரின் 796 க.செ.மீ. எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய மெல்லிய பந்தயக் காரில் பொருத்தினார். அதுவே 'ஃபார்முலா மாருதி'. வீட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் போகும் காரின் எஞ்சின், சுமை குறைந்ததும் பந்தய எஞ்சினாயிற்று. நம் நாட்டு இளைஞர் பலர் பந்தயம் கற்றது இதில்தான். அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உறுமும் சைலன்சரையும் இங்கேயே விசாரித்து அனுப்பிவிடலாம். காதைப் பிளக்கும் சத்தத்திலும் அடங்கியிருக்கும் ஒலித்திறன் ஒரு சில வாட்டுகளே. ஒரு குதிரைத்திறனோ 746 வாட். புகைக்குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கணக்கிட்டு அமைத்தால் எஞ்சின் சற்று எளிதாக மூச்சு விடும் என்பது உண்மை. ஆனால் சைலன்சரைத் துளையிட்டு வரும் சத்தம் திறனுக்கு அத்தாட்சி ஆகாது.

நிற்பதே முதல் திறமை

இப்பொழுது வழக்கின் முக்கியமான சாட்சி வருகிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிய தொகை என்று படித்திருக்கிறீர்கள். நம் 900 கிலோ காருக்குக் கணக்குப் போடுவோம்.

மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஆற்றல் 45,000 ஜூல். 72 கி.மீ. வேகத்தில் 1,80,000 ஜூல். 108 கி.மீ. வேகத்தில் 4,05,000 ஜூல். வேகம் மும்மடங்கு; ஆற்றல் ஒன்பது மடங்கு!

நல்ல பிரேக்கு நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்போம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். இரண்டையும் கூட்டினால், 36 கி.மீ. வேகத்தில் கார் 18 மீட்டரில் நிற்கும். 72-ல் 53 மீட்டர். 108-ல் 105 மீட்டர்.

இந்த ஆற்றல் எங்கே போகிறது? பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. முன் பிரேக்குகளில் உள்ள வார்ப்பிரும்பு 10 கிலோ என்றும், வெப்பம் முழுவதும் அதில் சேர்கிறது என்றும் கொள்வோம். 108 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றாலே அது 88 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் நின்றால் சூடு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறும். பழைய கார்களின் டிரம் பிரேக்குகள் மூடிய பாத்திரம் போன்றவை. வெப்பத்தை எளிதில் வெளிவிடமாட்டா. சூடேறச் சூடேற அவற்றின் பிடிப்பு மங்கும். மிதி அதே இடத்தில் இருக்கும். கார் மட்டும் நிற்காது. பந்தயக் கார்களில் காற்றுப் படும்படி திறந்திருக்கும் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்துவது இதனால்தான்.

எஞ்சினின் திறனை 35-லிருந்து 70 ஆக இரட்டிப்பாக்கினார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையின் காரணமாக உச்ச வேகம் இரட்டிப்பாகாது. சுமார் 26 விழுக்காடுதான் கூடும். ஆனால் அந்த வேகத்தில் பிரேக்கு விழுங்கவேண்டிய ஆற்றல் 59 விழுக்காடு கூடிவிடும். ஆகவே எஞ்சினைத் தொட்டவர் பிரேக்கைத் தொடாமல் விட்டால், அவர் திறன் கட்சியில் இருந்தாலும் செய்தது பகட்டுதான். பகட்டு என்பது வண்ணத்தில் மட்டும் இல்லை, எண்களிலும் உண்டு. "எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டுப் பெருமைப்படுவோர் "எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேட்பது அரிது.

பள்ளி விட்டுச் சைக்கிளில் சாலையைக் கடக்கும் மாணவிக்கு இறக்கையும் தெரியாது, குதிரைத்திறனும் தெரியாது. அவளுக்கு வேண்டியது அந்தப் பதினெட்டு மீட்டர்.

அழகு குற்றமா?

இத்தனையும் கேட்டபின் அழகுக் கட்சிக்குத் தண்டனை தந்துவிட வேண்டாம். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்பிட்ஃபயரின் தாழ்ந்த முகப்பு அழகு. அதுவே காற்றை எதிர்கொள்ளும் பரப்பையும் குறைக்கிறது. அங்கே தோற்றமும் திறனும் ஒன்றே. துருவைச் சுரண்டி எடுத்துப் பூசும் வண்ணம் இரும்பைக் காக்கிறது. மேலும், ஒருவர் தம் பழைய காருக்கு ஆசையாக வண்ணம் தீட்டி, "இது பார்ப்பதற்காகத்தான்" என்று உண்மையைச் சொன்னால் அதில் என்ன குறை? கோலம் போடுவதற்கு இயற்பியல் காரணம் கேட்கிறோமா?

குறை எங்கே வருகிறதென்றால், தோற்றம் ஒரு வாக்குக் கொடுத்து, உள்ளே உள்ளது அதைக் காப்பாற்றாதபோது. சென்னையே கண்ட உதாரணம் ஒன்று. 1985-ல் அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், இங்கிலாந்தின் 'ரோவர் எஸ்.டி.1' என்ற அழகிய காருடையது. 1977-ல் அது ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. இங்கிலாந்தில் அதற்குள் எட்டு உருளை எஞ்சின்கூட இருந்தது. இங்கே அதற்குள் வைத்தது, பழைய 'வேன்கார்டு' கார்க் காலத்து மரபில் வந்த 1,991 க.செ.மீ. எஞ்சின். வெளியே புதுமை, உள்ளே பழமை, விலையும் அதிகம். 1988-லேயே அதன் உற்பத்தி நின்றது. அந்த வடிவம் இன்றும் அழகாகவே இருக்கிறது. ஆனால் வாங்கியவர்கள் வடிவத்திற்கு ஏற்ற ஓட்டத்தையும் எதிர்பார்த்தார்கள் அல்லவா?

சட்டத்தின் குரல்

நம் பட்டிமன்றத்தில் சட்டத்திற்கும் ஓர் இடம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதும் குற்றமே. மாற்றி அமைத்த பந்தயக் காருக்கு உரிய இடம், வேலியும் மருத்துவ வண்டியும் தீயணைப்போரும் உள்ள தடம். இந்தச் சட்டத்தின் பின்னணியில் இருப்பதும் நாம் போட்ட கணக்குகள்தான். ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகளின் கணக்கும் மாறிவிடுகிறது.

தீர்ப்பும் ஒரு சோதனையும்

நடுவரே, தீர்ப்பு எழுதுமுன் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனால் எந்த எண் மாறியது: எடையா, டயரின் பிடிப்பா, நிற்கும் தூரமா? எந்த வேகத்தில் மாறியது? இதற்கு ஈடாக வேறு எதை மாற்ற வேண்டும்? விடை இருந்தால் அது திறன். எந்த எண்ணும் மாறாமல் கண்ணுக்கு மட்டும் இனித்தால் அது அழகு, அதுவும் இருக்கட்டும். எண்ணைக் கெடுத்துக்கொண்டு கண்ணுக்கு இனித்தால் அதுவே பகட்டு.

இதைக் காரில்தான் செய்துபார்க்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சைக்கிள் போதும். ஆசிரியரின் துணையோடு, ஆளில்லாத, உலர்ந்த பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் தூரத்தை அளந்து இரு கோடுகள் போடுங்கள். அந்தத் தூரத்தை 4 நொடியில் கடந்து, இரண்டாம் கோட்டில் பின் பிரேக்கைப் பிடியுங்கள். நின்ற இடத்தை அளந்து குறியுங்கள். பிறகு 2 நொடியில் கடந்து அதேபோல் நில்லுங்கள். முதல் தூரத்தின் ஏறத்தாழ நான்கு மடங்கு வருகிறதா?

அடுத்து, ஹேண்டில் பாரில் வண்ண ரிப்பன்கள் கட்டி, பளபளக்கும் ஸ்டிக்கர்கள் ஒட்டி, மீண்டும் சோதியுங்கள். பின்பு ரிப்பன்களை அவிழ்த்து, தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றி, ரிம்மில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துச் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். முடிவுகளை அட்டவணையாக்கி வகுப்பில் ஒட்டுங்கள். ரிப்பன் கட்டிய சைக்கிள் எத்தனை சென்டிமீட்டர் முன்னதாக நின்றது என்பதை மறவாமல் எழுதுங்கள்!